கை ஒரு பக்கம் மட்டும் வெட்டுகிறதா? காலை நேர வலிப்பைக் கவனித்து, வீடியோ எடுத்து, டாக்டரிடம் சொல்வது எப்படி

பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற பிள்ளை. காலையில் எழுந்து பல் தேய்க்கும்போது பிரஷ் கையிலிருந்து தெறிக்கிறது, டீ டம்ளர் சிந்துகிறது, இட்லியைப் பிட்ட கை சட்டென்று தூக்கிப் போடுகிறது. "ராத்திரி பூரா போன் நோண்டுனா கை ஆடாம என்ன பண்ணும்" என்று வீட்டில் திட்டு விழும். அப்புறம் ஒரு விடியற்காலையில் முழு வலிப்பு வந்து விழுந்த பிறகுதான் ஆஸ்பத்திரி, இ.இ.ஜி. (தலையில் ஒயர் ஒட்டி மூளை அலையைப் பதிவு செய்வது), ஸ்கேன் எல்லாம். அங்கேயும் கை வெட்டுகிற கதையைத் தாங்களாகச் சொல்பவர்கள் குறைவு. டாக்டர் தோண்டித் துருவிக் கேட்டால், "அதுவா, வலது கை மட்டும் எப்பவாவது வெட்டும் சார்" என்பார்கள். ரிப்போர்ட்டிலும் அலைகள் ஒரு பக்கம் கூடுதல் என்று ஒரு வரி இருந்துவிட்டால், மூளையில் அந்த இடத்தில் கட்டியோ என்னவோ என்று வீடே பயந்து போகும்.

நான் வடசென்னையில் தண்டையார்பேட்டைப் பக்கம் இ.இ.ஜி. எடுக்கிற வேலையில் இருக்கிறேன். தலையில் ஒயர் ஒட்டுகிற ஆள்தான், டாக்டர் இல்லை. எந்த மாத்திரை, எவ்வளவு என்பதெல்லாம் நரம்பியல் டாக்டர் முடிவு செய்ய வேண்டியது. ஆனால் அவர் சரியாக முடிவு செய்யத் தேவையான தகவலில் பாதி வீட்டுக்காரர்கள் கையில்தான் இருக்கிறது. அதை எப்படிச் சேகரிப்பது, எப்படிக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று எழுதுகிறேன்.

முதலில் இது என்ன வலிப்பு

டாக்டர்கள் சீட்டில் ஜே.எம்.இ. என்று எழுதுவார்கள், ஜுவனைல் மயோக்ளோனிக் எபிலெப்ஸி. ஜெர்மனியைச் சேர்ந்த டீட்டர் யான்ஸும் வால்டர் கிறிஸ்டியனும் 1957-ல் இதை விரிவாக எழுதியதால் யான்ஸ் சிண்ட்ரோம் என்றும் சொல்வார்கள். பெரும்பாலும் 12 முதல் 18 வயதுக்குள் தொடங்கும். தூங்கி எழுந்த அரை மணி, ஒரு மணி நேரத்துக்குள் கை, தோள் வெடுக்கென்று வெட்டும், அப்போது நினைவு தப்பாது. பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எப்போதாவது முழு உடம்பு வலிப்பும் வரும். சுமார் மூன்றில் ஒருவருக்குச் சில விநாடி வெறித்துப் பார்த்து நின்றுவிடுகிற வலிப்பும் உண்டு. அறிவில், படிப்பில் பெரிதாகக் குறை இருக்காது. வழக்கமான எம்.ஆர்.ஐ.யிலும் ஒன்றும் தெரியாது. தூக்கம் கெடுவது, மாத்திரை விட்டுப்போவது, குடி, இந்த மூன்றும்தான் இதைக் கிளப்பிவிடுகிற பெரிய காரணங்கள்.

இது இரண்டு பக்க மூளையும் சேர்ந்து ஈடுபடுகிற பொது வகை வலிப்பு. அப்படியானால் ஏன் ஒரு கை மட்டும் வெட்டுகிறது? கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கயிற்றையும் இரண்டு வரிசை ஆட்கள் பிடித்து இழுக்கிறார்கள், வலை ஒன்றுதான், ஆனால் ஒரு வரிசை ஒரு நொடி முந்தும், அடுத்த இழுப்பில் மற்ற வரிசை முந்தும். மூளையின் இரண்டு பாதியும், நடுவிலிருக்கும் தலாமஸ் என்ற பகுதியும் சேர்ந்த வலைப்பின்னல் முழுக்க இதில் ஈடுபடுகிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு பக்கமும் அச்சடித்த மாதிரி ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் வெடிக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்த ஏறுமாறு அபூர்வமும் இல்லை. 1990-களிலேயே இதற்கென்று தனி ஆய்வுக் கட்டுரைகள் வந்துவிட்டன. ஒரு பக்கச் சாய்வைப் பார்த்து வேறு வகை வலிப்பு என்று முதலில் தவறாக முடிவு கட்டப்பட்டவர்கள் இருக்கிறார்கள் என்று அப்போதே எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு சாதாரணக் காரணமும் உண்டு. பிரஷ், டம்ளர், சீப்பு எல்லாம் வலது கையில்தான் இருக்கும். அது வெட்டினால் பொருள் விழும், எல்லோரும் பார்ப்பார்கள். இடது கை சும்மா தொடைமேல் கிடந்து லேசாகத் துள்ளினால் யார் கவனிக்கப் போகிறார்கள்?

வகை தவறிப்போனால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். மூளையில் ஒரே இடத்திலிருந்து கிளம்புகிற வலிப்புக்கு நன்றாக வேலை செய்கிற சில மாத்திரைகள், கார்பமஸெபின் (டெக்ரிடால் என்று கடையில் கிடைப்பது), ஆக்ஸ்கார்பஸெபின், பினிடாயின் (எப்டாயின்) போன்றவை, ஜே.எம்.இ.யில் கை வெட்டுவதைக் கூட்டிவிடலாம். பிரீகாபலின், காபாபென்டின் கூட அந்தப் பட்டியலில் உண்டு. மாத்திரை தொடங்கிய பிறகு பெரிய வலிப்பு நின்று, ஆனால் காலை வெட்டு முன்பைவிட அதிகமாகிவிட்டது என்றால் அந்தச் செய்தி டாக்டருக்குத் தங்கம். ஒன்றை மட்டும் அடித்துச் சொல்கிறேன்: இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நிற்காத வலிப்பு வந்து ஐ.சி.யூ. வரைக்கும் போகும். அடுத்த ஓ.பி. நாளுக்குச் சீட்டோடு போய்க் கேளுங்கள், வெட்டு ரொம்ப அதிகமாக இருந்தால் நாள் பார்க்காமல் போங்கள்.

வீட்டில் எப்படிக் கவனிப்பது

காலை எழுந்ததிலிருந்து முதல் ஒரு மணி நேரம் முக்கியம். பிள்ளையை உட்கார வைத்து இரண்டு கையையும் முன்னால் நீட்டி, விரலை விரித்துக் கொஞ்ச நேரம் வைத்திருக்கச் சொல்லுங்கள். அப்போதுதான் இரண்டு பக்கமும் சமமாகத் தெரியும். கைக்கொரு காலி பிளாஸ்டிக் டம்ளர் கொடுத்தாலும் சரி (எவர்சில்வர் வேண்டாம், மூக்கில் இடித்துக்கொண்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்). வலது கைதான் என்று சத்தியம் செய்த பலருக்கு இப்படிப் பார்த்ததும் இடது தோளும் கூடவே துள்ளுவது தெரிய வரும். சிலருக்கு நிஜமாகவே ஒரு பக்கம்தான் இருக்கும், அதையும் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.

வெட்டும்போது பேச்சுக் கொடுங்கள். "நேத்து ராத்திரி என்ன சாப்ட்ட?" என்று ஏதாவது கேளுங்கள். வெட்டுக்கு நடுவிலும் ஒழுங்காகப் பதில் வந்தால் நினைவு தெளிவாக இருக்கிறது என்று அர்த்தம். பதில் வராமல் வெறித்துப் பார்ப்பது, வாயைச் சப்புக்கொட்டுவது, சட்டைப் பொத்தானை நிமிண்டிக்கொண்டே இருப்பது, கேட்டால் பிறகு ஒன்றும் நினைவில்லை என்பது, இதெல்லாம் வேறு கதையாக இருக்கலாம், அதனால் தனியாகச் சொல்ல வேண்டும்.

முழு வலிப்பு வந்தால் அது எப்படித் தொடங்கியது என்பதுதான் கேள்வி. கீழே விழுந்த பிறகு நடப்பதை எல்லோரும் விலாவாரியாகச் சொல்வார்கள், விழுவதற்கு முந்தைய அரை நிமிடத்தைச் சொல்ல ஆள் இருக்காது. முதலில் கை நாலைந்து முறை படபடவென்று வெட்டி, வெட்டு கூடிக் கூடிப் போய் விழுந்தானா? தலையும் கண்ணும் ஒரு பக்கமாகத் திரும்பியதா, எந்தப் பக்கம்? ஜே.எம்.இ.யிலும் பெரிய வலிப்பின் தொடக்கத்தில் தலை ஒரு பக்கம் திரும்புவது உண்டு, சிலர் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி விழுவதும் உண்டு, ஆகவே அதை மட்டும் வைத்து யாரும் முடிவு கட்ட மாட்டார்கள். வலிப்பு முடிந்து தெளிந்த பிறகு இரண்டு கையையும் தூக்கச் சொல்லுங்கள், உங்கள் விரலை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள். ஒரு கை மட்டும் துவண்டு கிடந்தாலோ, பேச்சு வராமல் திணறினாலோ, ஒவ்வொரு முறையும் அதே பக்கம்தான் என்றாலோ, வலிப்புக்கு முன்னால் வயிற்றிலிருந்து ஏதோ மேலே எழும்புகிற மாதிரி, கெட்ட வாடை வருகிற மாதிரி இருந்தது என்று பிள்ளை சொன்னாலோ, அது ஒரே இடத்திலிருந்து கிளம்புகிற வலிப்பாக இருக்க வாய்ப்பு உண்டு. படிப்பு சரசரவென்று இறங்குவது, நடை தள்ளாடுவது, நாளுக்கு நாள் வெட்டு கூடிக்கொண்டே போவது, இதுவும் சாதாரண ஜே.எம்.இ. போக்கு இல்லை, தள்ளிப் போடாமல் காட்டுங்கள்.

வீடியோ எடுப்பது பற்றி. போனைக் குறுக்குவாட்டில் பிடித்து, தலை முதல் முழங்கால் வரை, முக்கியமாக இரண்டு கையும் தெரிகிற தூரத்தில் நில்லுங்கள். முகத்துக்கு ஜூம் போக வேண்டாம், போர்வையை விலக்குங்கள், லைட்டைப் போடுங்கள். செல்ஃபி கேமராவில் எடுக்காதீர்கள், சில போன்களில் அது இடம் வலம் மாற்றிப் பதிவு செய்யும், பிறகு டாக்டர் எந்தக் கை என்று கேட்டால் நீங்களும் முழிப்பீர்கள், அவரும் முழிப்பார். ஒரு அம்மா மகன் வலது மணிக்கட்டில் எப்போதும் கோயில் சிவப்புக் கயிறு இருப்பதைக் காட்டி, "இந்தக் கயிறு கட்டுன கை சார்" என்று வீடியோவில் குரல் கொடுத்திருந்தார். அந்த மாதிரி ஒரு அடையாளம் போதும். கூடவே மணியையும், எழுந்து எவ்வளவு நேரம் ஆச்சு என்பதையும் வாயால் சொல்லிவிடுங்கள். விழுந்துவிட்டால் ஒருவர் வீடியோ, இன்னொருவர் பிள்ளை. வீட்டில் ஒரே ஆள்தான் என்றால் போனைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையைப் பாருங்கள். எடுத்த வீடியோவை சொந்தக்காரர்கள் வாட்ஸாப் குரூப்பில் போடாதீர்கள், அந்தப் பிள்ளை நாளைக்கு அதே தெருவில் நடக்க வேண்டும்.

இ.இ.ஜி.க்கு வரும்போது

முந்தின நாள் ஷாம்பூ போட்டுத் தலைக்குக் குளித்துவிட்டு எண்ணெய் வைக்காமல் வாருங்கள். வருகிறவர்களில் பாதிப் பேர் தேங்காய் எண்ணெய் வழிய, இறுக்கிப் பின்னிய சடையோடு வருகிறார்கள். பஞ்சில் துடைத்துத் துடைத்தே அரை மணி நேரம் போய்விடும், பிறகும் பேஸ்ட் வழுக்கும். ஒரு பக்கம் ஒயர் சரியாக ஒட்டாவிட்டால் அந்தப் பக்க அலை தப்பாகப் பதிவாகும். ஒயர் ஒட்டுகிற இடத்தை டேப் வைத்து அளந்து, 10–20 என்ற முறைப்படி குறிப்போம். இடது பக்கம் ஒரு விரல் தள்ளிப் போனாலும் இரண்டு பக்கமும் சமமாகத் தெரியாது. மண்டையில் பழைய அடி, ஆபரேஷன், வீக்கம் இருந்தாலும் அலையின் உயரம் மாறும். ஆகவே தலையில் அடிபட்ட கதை ஏதாவது இருந்தால் ஒயர் ஒட்டுகிறவரிடமும் சொல்லுங்கள். ரிப்போர்ட்டில் வருகிற ஏறுமாறு எல்லாம் மூளையிலிருந்தே வருவது இல்லை.

வெறும் வயிற்றோடு வராதீர்கள், சாப்பிட்டுவிட்டே வரலாம். காபி டீ மட்டும் அன்றைக்கு வேண்டாம். டாக்டர் நிறுத்தச் சொன்னால் ஒழிய மாத்திரையை வழக்கம்போலப் போட வேண்டும்.

ஜே.எம்.இ. சந்தேகம் என்றால் தூக்கத்தைக் குறைத்துவிட்டு வரச் சொல்வார்கள். எத்தனை மணிக்குப் படுத்து எத்தனை மணிக்கு எழ வேண்டும் என்று சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். அன்றைக்கு வலிப்பு வருகிற வாய்ப்பு கூடுதல், அதனால் பிள்ளையை பைக்கில் பின்னால் உட்கார வைத்து எண்ணூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் கூட்டி வருகிற வேலை வேண்டாம். ஆட்டோவோ ஷேர் ஆட்டோவோ, பக்கத்தில் பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டு. விம்கோ நகர் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் மெட்ரோவில் வந்தால் பிளாட்ஃபார்ம் ஓரத்தில் நிற்க விடாதீர்கள். வழியில் பிள்ளை தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், தூக்கம் எங்கள் கட்டிலில் வந்தால்தான் பயன்.

நேரம் கிடைத்தால் காலை முதல் ஆளாக வருவது நல்லது. விழித்திருப்பது, தூங்குவது, தூங்கி எழுவது, மூன்றும் பதிவானால் நல்ல பதிவு. எழுகிற நேரத்தில்தான் பெரும்பாலும் அலை வெடிக்கும், அதனால் பிள்ளை கண் விழித்ததும் "முடிஞ்சுதா, போலாமா" என்று எழுப்பி உட்கார வைத்துவிடாதீர்கள். மூன்று நிமிடம் வேகமாக மூச்சு விடச் சொல்வோம், ஆஸ்துமாவோ இதயக் கோளாறோ இருந்தால் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். விளக்கையும் மின்னி மின்னிக் காட்டுவோம், கணிசமான பிள்ளைகளுக்கு அந்த ஒளியில் அலை கிளம்பும். பதிவின்போது கை வெட்டினால் உடனே சொல்லுங்கள், நாங்கள் அந்த நொடியில் குறி போட்டுவிடுவோம். தேவைப்பட்டால் இரண்டு தோளிலும் தனி ஒயர் ஒட்டிப் பதிவு செய்யவும் முடியும், எந்தப் பக்கம் முந்தியது என்பது அதில் பிசகில்லாமல் தெரியும். டாக்டர் சீட்டில் அதைக் கேட்டு எழுதியிருந்தால் எங்களுக்கும் வேலை சுலபம்.

ரிப்போர்ட் கையில் வந்ததும்

ஜே.எம்.இ.க்குப் பொருத்தமான ரிப்போர்ட்டில் பொதுவாகப் பின்னணி அலை இயல்பு என்று இருக்கும், இரண்டு பக்கமும் விநாடிக்கு 3 முதல் 6 வரை ஸ்பைக் (ஊசி முனை மாதிரி எழும்பும் அலை), பாலிஸ்பைக் (அடுத்தடுத்துப் பல ஸ்பைக்) அலைகள் என்று இருக்கும். கூடவே ஒரு பக்கம் உயரம் கூடுதல், முன்மூளைப் பகுதியில் தனி ஸ்பைக் என்று ஒரு வரி வந்தால் அதைப் பார்த்து மயங்கி விழ வேண்டாம். டாக்டர் பார்க்கப் போவது இது: அந்தச் சாய்வு ஒரே பதிவுக்குள்ளேயே பக்கம் மாறுகிறதா, பழைய பதிவில் இடது, இப்போது வலது என்று இருக்கிறதா? மாறினால் பொது வகைக்குத்தான் கூடுதல் ஆதரவு. எப்போது எடுத்தாலும் அதே பக்கம், அதே இடம், அங்கே மந்தமான அலையும் சேர்ந்து இருக்கிறது, ஒரு பக்கத்தில் கிளம்பிய பிறகுதான் மற்ற பக்கம் பரவுகிறது என்றால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்க்கச் சொல்வார்கள், சொல்லத்தான் வேண்டும். இதனால்தான் பழைய இ.இ.ஜி.யைத் தூக்கிப் போடாதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வீடு மாறும்போது, மழைத் தண்ணீர் வீட்டுக்குள் வரும்போது முதலில் போவது இந்தக் காகிதம்தான். எல்லாப் பக்கத்தையும் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இ.இ.ஜி. நார்மல் என்று வந்தால் வலிப்பு இல்லை என்று அர்த்தம் ஆகாது. அந்த நேரத்தில் அலை கிளம்பவில்லை, அவ்வளவுதான். காலை வெட்டு வீடியோ உங்களிடம் இருந்தால் அதற்கு அப்போதுதான் மதிப்பு.

ஓ.பி.யில்

ஸ்டான்லி ஆஸ்பத்திரியிலும் சென்ட்ரலுக்கு எதிரே உள்ள ஜி.எச்.சிலும் நரம்பியல் பிரிவு இருக்கிறது, வடசென்னைக்காரர்களுக்கு இரண்டும் எட்டுகிற தூரம்தான். ஆனால் கூட்டம் தெரியும்தானே, உங்கள் முறை வரும்போது நீங்கள் பேசக் கிடைப்பது கொஞ்ச நேரம். அதில் விழுந்த கதையை முதலில் சொல்லாதீர்கள். "காலையில் எழுந்ததும் கை வெட்டுது, இத்தனை மாசமா இருக்கு, நினைவு இருக்கும், தூக்கம் கெட்டா அதிகம், பெரிய வலிப்பு இத்தனை தடவை, வீடியோ இருக்கு" என்று தொடங்குங்கள். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போனால் பதற்றத்தில் மறக்காது. இப்போது போடுகிற மாத்திரை அட்டையையே கொண்டு போங்கள், "வெள்ளையா நீளமா இருக்கும்" என்றால் யாருக்கும் புரியாது. குடும்பத்தில் வேறு யாருக்காவது வலிப்பு உண்டா என்பதை மறைக்காதீர்கள். பிள்ளையையும் பேச விடுங்கள். ஒரு பையன் அப்பாவைத் தள்ளிவிட்டு, "நைனா, நீ சும்மா இரு, ரெண்டு கையும்தான் துள்ளும், நீ பாக்குறப்ப வலது மட்டும்" என்றான். அந்த ஒரு வரியில்தான் டாக்டருக்கு விஷயம் பிடிபட்டது.

மாத்திரை பற்றி நீங்கள் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம் உண்டு. வால்ப்ரோயேட் (வால்பாரின், என்கோரேட்) ஜே.எம்.இ.க்கு மிக நன்றாகக் கேட்கும். ஆனால் கர்ப்ப காலத்தில் அதைச் சாப்பிட்டால் சுமார் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறை, பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சி, கற்றல் பிரச்சினை வரலாம். பெண் பிள்ளை என்றால் இதை இப்போதே டாக்டரிடம் பேசுங்கள், கல்யாணத்துக்கு முந்தின வாரம் இல்லை. லெவெடிரசிட்டம் (லெவிபில்) பலருக்கு ஒத்துக்கொள்கிறது, சிலருக்கு எரிச்சலும் கோபமும் ஏறும். பிள்ளை திடீரென்று எல்லோரிடமும் சீறினால் அதையும் சொல்லுங்கள், திமிர் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். லாமோட்ரிஜின் சிலருக்கு வெட்டைக் கூட்டும். சரியான மாத்திரை அமைந்தால் பெரும்பாலானவர்களுக்கு வலிப்பு நன்றாகக் கட்டுப்படும், ஆனால் நிறுத்தினால் திரும்ப வருகிற வாய்ப்பு அதிகம், அதனால் பல வருடம் போட வேண்டியிருக்கும்.

தூக்கம்

எங்கள் ஏரியாவில் தூக்கத்தைப் பற்றிப் பேசுவது எளிது, தூங்குவது கஷ்டம். மெட்ரோ வாட்டர் லாரி வருகிற நேரத்துக்குக் குடத்தோடு ஓட வேண்டும், காசிமேட்டில் மீன் ஏலத்துக்கு நடுச்சாமத்தில் எழுந்து போகிற வீடு, பரோட்டா கடையில் இரவு ஒரு மணி வரை மாஸ்டருக்கு உதவி, பரீட்சைக்கு விடிய விடிய படிப்பு. தண்ணீர் பிடிக்க வேறு ஆளை அனுப்புங்கள். இந்தப் பிள்ளைக்கு மட்டும் விடிகாலை வேலை கிடையாது என்று வீட்டில் சட்டமே போடலாம். இரவு முழித்தே ஆக வேண்டிய நாள், திருவிழா, சாவு வீடு, எதுவானாலும் மறுநாள் காலை அவனை மொட்டை மாடிக்கோ, அடுப்புப் பக்கமோ, கடலுக்கோ அனுப்பாதீர்கள். எழுந்ததும் ஒரு மணி நேரம் சும்மா உட்காரட்டும். ஒளிக்கு வலிப்பு கிளம்பும் என்று இ.இ.ஜி.யில் தெரிந்திருந்தால், சீரியல் செட் மின்னுகிற இடத்தில் ஒரு கண்ணைக் கையால் முழுசாக மூடிக்கொண்டு நகர்ந்துவிடச் சொல்லிக் கொடுங்கள், இரண்டு கண்ணையும் இறுக்கி மூடுவதைவிட அது நன்றாக வேலை செய்யும்.

முழு வலிப்பு வந்தால் கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, இரும்பைத் தேடுவது, வாயில் ஸ்பூன் வைப்பது, சோடா தெளிப்பது எதுவும் வேண்டாம். சுற்றி உள்ள பொருளை நகர்த்தி, தலைக்கு அடியில் துணி வைத்து, துள்ளல் அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வைத்து, நேரத்தைப் பாருங்கள். 5 நிமிடத்தைத் தாண்டினாலோ, தெளியாமலேயே அடுத்தது வந்தாலோ, தண்ணீரில் விழுந்திருந்தாலோ 108-க்குப் போன் போடுங்கள். ஆம்புலன்ஸில் ஏறும்போது மாத்திரை அட்டையும் வீடியோ உள்ள போனும் கையில் இருக்கட்டும்.